எட்டுப் பேரும் இருக்கிறோம், கேப்டன்

சுகந்தி,

இதை பஸ்ஸில் படிக்காதே. பாகூரில் உன் வீடு போய்ச் சேர்ந்து, கை கால் கழுவி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. பாதியில் எனக்குப் போன் செய்யாதே. போனில் சொல்ல முடிந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன். போன வாரம் மூன்று முறை வாய்ஸ் மெசேஜ் போட்டு மூன்றையும் அழித்தேன். “இன்னாம்மா, அனுப்பி அனுப்பி அழிச்சிகினு இருக்க?” என்று கேட்டாயே, அது இந்த விஷயம்தான். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கடிதம் தயார் செய்தவள் நான். ஒரு குழப்பமான சங்கதியை யாருக்கும் வலிக்காமல் நாலு வரியில் எழுதச் சொன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தத் திறமையை எதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ கேட்ட நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். முடிச்சுகள், கூடாரம் கட்டும் படம், மழைநாள் விளையாட்டுகள், சாரணியர் பாட்டுகள், அணிவகுப்புக் கட்டளைகள், பெற்றோர் சம்மதக் கடிதத்தின் மாதிரி எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டிருக்கிறேன். உன் பள்ளியில் முப்பத்திரண்டு பெண்களைச் சேர்த்து நீ புதிதாக ஒரு கைட்ஸ் படை தொடங்கியது எனக்கு எவ்வளவு பெருமை என்று தெரியுமா? பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அலுத்து, பால்காரரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நான்தான் வந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் ஸ்கார்ஃப் கட்ட வேண்டும், ‘இவர்தான் என் முதல் கேப்டன்’ என்று மைக்கில் என்னை அறிமுகப்படுத்தப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு இன்னொன்றும் சொன்னாய். “நா ஒரு தடவ பொய் சொன்னேன்மா, ஒரு பொண்ணு காலு போச்சி. அந்தக் கணக்க எங்கனா தீக்கணும் இல்ல? அதுக்குத்தான் இத எடுத்துக்கினேன்.” சாதாரணமாகச் சொன்னாய். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி. நான் “ம்” என்றேன். அந்த ‘ம்’ பெரிய பாவம், சுகந்தி.

நான் ஏன் கேப்டன் ஆனேன் என்று உனக்கு ஓரளவு தெரியும். நம் ஊர்ப் பள்ளியில் கைட்ஸ் நடத்த எந்த டீச்சரும் முன்வரவில்லை. சனிக்கிழமையில் யார் வருவார்? யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வெயிலில் யார் நிற்பார்? ஆபீஸ் கிளார்க்கான நான் கையைத் தூக்கினேன். சேவை மனப்பான்மை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பள்ளியில் என்னை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. டீச்சர்கள் டி.சி. எங்கே, பில் எங்கே என்று அதட்டுவார்கள். பிள்ளைகள் வணக்கம் சொல்வது டீச்சர்களுக்குத்தான், எனக்கு இல்லை. பயிற்சிக்குப் போய்வந்து விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்ற முதல் நாள், முப்பத்திரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் சல்யூட் அடித்து ‘கேப்டன்’ என்றார்கள். அன்றைக்கே நான் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டேன். நீ எட்டாம் வகுப்பில் படையில் சேர்ந்தபோது உனக்கு நான் போட்ட முதல் விதி, மைதானத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது. சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் என்னை உலுக்கிய மரபு ஒன்று உண்டு. இன்றும் எனக்கு அது பிடிக்கும். கொடியேற்றுவதற்கு முன் எல்லா அணிகளும் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும். ஒவ்வொரு அணித் தலைவியும் மூன்று அடி முன்னால் வந்து, சல்யூட் அடித்து, தன் அணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வாள். கேப்டன் பதில் சல்யூட் அடிப்பாள். அதோடு முடிந்தது. கேப்டன் தலைகளை எண்ணக் கூடாது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “அணித் தலைவி சொல்லிட்டா அது சத்தியம். அதுக்கப்புறம் நீங்க எண்ணினா, அந்தப் பொண்ண நம்பலன்னு அர்த்தம். பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணு சொல்றத இந்த ஒரு எடத்துலதான் பெரியவங்க அப்படியே நம்புறோம். அதக் கெடுத்துடாதீங்க.” கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலோ ஊரிலோ பெண் பிள்ளை சொல்வதை அப்படி நம்புகிறவர் யார்? அந்த மரபில் ஒரு குறையும் இல்லை. அதை எடுத்துத் திரை மாதிரி பிடித்துக்கொண்டவள் நான்.

அன்று நடந்தது உனக்கு நீ நின்ற இடத்திலிருந்து தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். ஆற்றோரம் சவுக்குத் தோப்பில் ஒரு நாள் முகாம். பார்வையிடச் சாரணர் இயக்கத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். கமிஷனர் ஐயா என்போம். அவருக்குப் பிடித்துவிட்டால் குடியரசு தினத்துக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நம் படை நடக்கும். கிராமத்துப் பள்ளிகளில் எந்தப் படையும் அதுவரை நடந்ததில்லை. நான் பதினைந்து நாளாகத் தூங்கவில்லை. உங்கள் ஷூவுக்கு நானே பாலிஷ் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் நான்கு அணித் தலைவிகளும் உட்கார்ந்து முதலுதவிப் பெட்டியை அடுக்கினீர்கள். பஞ்சு, டிஞ்சர், கட்டுத் துணி, முக்கோணத் துணி, மூங்கில் பட்டை எல்லாம் வைத்தீர்கள். நீ அதில் ஒரு நாப்கின் பாக்கெட்டும் வைத்தாய். முகாம் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கமிஷனர் ஐயா பெட்டியைத் திறந்து பார்ப்பார், அவரோடு இரண்டு ஆம்பிளைகள் வருவார்கள், அவர்கள் கண்ணில் இது பட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாக்கெட்டை எடுத்து ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேனில் ஏறினேன்.

நீ அதை வைக்க மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருப்பாய். நீ மறக்கவில்லை. எடுத்தவள் நான். முப்பத்திரண்டு பெண் பிள்ளைகளைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பெண், அவர்களுக்கு முதலில் தேவைப்படக்கூடிய பொருளை வெட்கப்பட்டு எடுத்து ஒளித்தாள். எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சகாயமேரி உன் அணியில் எட்டாவது ஆள். அவளுடைய அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். அவள் யூனிஃபார்ம்கூட நம் பீரோவிலிருந்த உன் பழைய யூனிஃபார்மைப் பிரித்துத் தைத்ததுதான். அன்று காலை அவளுக்குத் திடீரென்று ஆகிவிட்டது, துணியில் பட்டுவிட்டது, பெட்டியில் தேடினீர்கள், இல்லை. இவ்வளவும் அன்று மாலை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவள் தோப்புக்குப் பின்னால் இருந்த பம்பு செட்டுக்குப் போயிருக்கிறாள். கொடியேற்றத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் நீ அனுப்பினாய். அதில் தப்பே இல்லை. ஆனால் ஜீப் முன்னதாகவே வந்துவிட்டது. நான் பதறிப்போய் விசில் ஊதினேன். லாடம் கூடிவிட்டது.

தாமரை அணி சொன்னது, மல்லிகை அணி சொன்னது. பிறகு நீ வந்தாய். மூன்று அடி, சல்யூட். “செம்பருத்தி அணி. எட்டுப் பேரும் இருக்கிறோம், கேப்டன்.” குரல் கணீரென்று இருந்தது. கமிஷனர் ஐயா என் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் பதில் சல்யூட் அடித்தேன். நீ என்னை ஏமாற்றிவிட்டதாக இத்தனை காலம் நினைத்திருக்கிறாய்.

நான் பார்த்தேன், சுகந்தி. உன் அணியின் கடைசியில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. ஏழு தலை. எண்ணக்கூடத் தேவையில்லை, பார்த்ததும் தெரிந்தது. யார் இல்லை என்றும் தெரிந்தது. ‘சகாயமேரி எங்கே?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் அணித் தலைவி, அதுவும் என் மகள், அதிகாரி முன்னால் பொய் சொன்னாள் என்று ஆகும். படையின் மானமே அந்தச் சொல்லில்தானே இருக்கிறது என்று முந்தின நிமிடம்தான் அவரிடம் பெருமையடித்திருந்தேன். கேட்கவில்லை. கொடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு வரவேற்புரை, கமிஷனர் ஐயா பேச்சு, முடிச்சுப் போட்டி, கோலாட்டம், நன்றியுரை. ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. நினைக்கவே இல்லை என்பதும் பொய். இரண்டு முறை நினைத்தேன். வந்திருப்பாள், பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பாள் என்று இரண்டு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜீப் கிளம்பிப் போனதும் நீ ஓடினாய். பம்பு செட்டுக்குப் பின்னால் மோட்டார் இறக்கிய பழைய பள்ளத்தில் அவள் தொடை எலும்பு முறிந்து கிடந்தாள். நீ திரும்பி ஓடிவந்து “அம்மா! அம்மா! சகாயம்…” என்று கத்தினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் இருந்தால் நல்லது. “கேப்டன்னு சொல்லு” என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அடுத்த நொடி நீ சொன்னது புரிந்து ஓடினேன் என்றாலும், முதலில் வந்தது அந்த வார்த்தைதான்.

அவளை மேலே எடுத்ததும், காலை அசையாமல் கட்டியதும், இரண்டு கம்பையும் போர்வையையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்ததும் நீங்கள்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாலு வயதுப் பெண்கள் நீங்கள், நோட்டில் போட்டிருந்த படத்தை அப்படியே செய்தீர்கள். அதை மட்டும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் படுத்து எழுந்தாள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஒரு வருடப் படிப்பும் போயிற்று.

இனி வருவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது. மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை விளக்கம் எழுதச் சொன்னார். நாலு வரி எழுதினேன். ‘அணித் தலைவி எண்மரும் இருப்பதாக முறைப்படி அறிக்கை அளித்தார். சாரணியர் மரபின்படி அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ அழகான வாக்கியங்கள். ஒன்றும் பொய் இல்லை, உண்மையும் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் படித்துவிட்டு, “நல்லா எழுதிட்டீங்க, இது காம்பவுண்டுக்குள்ளயே முடிஞ்சிடும்” என்றார். முடிந்தது. சகாயமேரியின் அம்மா வந்து வாசலில் நின்று, “ஏதோ புள்ளைங்க வெளாட்டுல ஆயிடுச்சி, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அப்படி முடிந்திருக்குமா? யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் நானும் துணிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை படை கூடியபோது, பொய் சொன்ன அணித் தலைவிக்குத் தண்டனை கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி உன்னை முன்னால் கூப்பிட்டேன். உன் சட்டையில் தைத்திருந்த இரண்டு தலைவிப் பட்டைகளையும் கத்தரியால் பிரித்தேன். தைத்ததும் நான்தான், வீட்டில், டி.வி. பார்த்துக்கொண்டே. நீ அழவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று முப்பது பேர் முன்னால் கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. காரணம் எனக்கு முன்பே தெரியும். உனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. ஆனால் அத்தனை பேர் முன்னால் சகாயமேரியின் சங்கதியைச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அன்று மைதானத்தில் மானத்தோடு நின்றது நீ ஒருத்திதான். உன்னை அப்படி நிறுத்திய கை என்னுடையது.

படை தேர்வானது. கடற்கரைச் சாலையில் நடந்தோம். நான் முன்னால் நடந்தேன். நீ பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு சேர்ந்து ஓடிவந்தாய். அன்று எடுத்த போட்டோ நம் ஹாலில் மாட்டியிருந்தது. போன வாரம் கழற்றிவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் வேலைக்குப் பயந்தேன். பிறகு உனக்குப் பரீட்சை, பிறகு உனக்குக் கல்லூரி, பிறகு உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. உன் அப்பாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். “இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது? ரெண்டு பேரும் மறந்துட்டு இருக்கீங்க, உடு” என்றார். மறந்துவிட்டாயா? கோயில் திருவிழாவில் நம் குடும்பத்துத் தலைகளை நீ எண்ணிக்கொண்டே வருவதைப் பார்த்திருக்கிறேன். வில்லியனூர் தேரில் உன் சித்தி பிள்ளை ஒரு நிமிடம் கண்ணில் படவில்லை என்று உனக்கு மூச்சு முட்டியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சுற்றுலாவில் பஸ்ஸில் நாலு முறை எண்ணுவேன், சக டீச்சர்கள் சிரிப்பார்கள் என்று நீயே சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன். எதனால் என்று தெரிந்துகொண்டே சிரித்தேன்.

நோட்டை ஜெராக்ஸ் எடுக்கத் திருக்கனூர் போனேன் இல்லையா, வேண்டுமென்றேதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே சகாயமேரி இருக்கிறாள். ஆன்லைனில் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். கடையே இப்போது அவளுடையதுதான். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, அந்தத் தைரியத்தில் உன்னிடம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கேயும் எனக்குச் சுலபமான வழிதான் தேவைப்பட்டது பார்.

“வாங்க டீச்சர். ரெண்டு பக்கமும் எடுக்கவா?” என்றாள். நோட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். மிஷினில் ஒவ்வொரு பக்கமாக வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. நான் சொல்லிவிட்டேன். டிராயர், காலி இடம், நாலு வரி, எல்லாம். அவள் நிறுத்தாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகு மிஷின் மூடியை மூடினாள்.

“நீங்க பாத்தது எனக்குத் தெரியும் டீச்சர்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“விசில் கேட்டப்ப தொட்டி மேல நின்னு எட்டிப் பாத்தேன். நீங்க எங்க அணிய பாத்தீங்க. அப்பறம் இந்தாண்ட திரும்பித் தோப்பப் பாத்தீங்க. என்னத் தேடறீங்க, இப்ப கூப்புடப் போறீங்க, இந்தத் துணியோட அத்தினி ஆம்பளைங்க முன்னால வரணுமேன்னு பயந்துகினு அந்தாண்ட குதிச்சேன். அங்க பள்ளம் இருந்தது தெரியாது.”

என்னைக் கண்டால் அவ்வளவு பயமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“கத்தினேன். மைக் செட்டுல பாட்டு போட்டுட்டாங்க. கை தட்டற சத்தமெல்லாம் கேட்டுகினே இருந்துச்சி. எப்பிடியும் நீங்க பாத்துட்டீங்க இல்ல, வருவீங்கன்னு இருந்தேன்.”

“ஏம்மா யாரான்டயும் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்கதான கேப்டன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகுதான் கேட்டாள், “சுகந்திக்குத் தெரியுமா இதெல்லாம்?” என்று. தெரியாது என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

“இன்னா டீச்சர் நீங்க! ரெண்டு வருசம், வாராவாரம் நோட்டு எடுத்துகினு எங்க வூட்டுக்கு வருவா. உள்ள வான்னா வர மாட்டா. வாசல்ல நின்னு குடுத்துட்டு, ‘என்னாலதான் சகாயம்’னுட்டுப் போவா. எங்கம்மா அழுவாங்க. கடசில நாந்தான் இனிமே வராதடின்னு தொரத்தனேன். நீங்க அவளுக்குச் சொல்லியிருப்பீங்க, அப்பறமும் இவ ஏன் இப்பிடி இருக்கான்னு நெனச்சிகினு இருந்தேன். எனக்குக் காலுதான் போச்சி. மொதல்ல அவகிட்ட போயி சொல்லுங்க.”

நீ வாராவாரம் அங்கே போனது எனக்குத் தெரியாது. டியூஷன் என்று சொல்லிவிட்டுத்தானே போவாய்? ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, நானும் பொய் சொன்னேன் இல்லையா என்று நீ எனக்காக வாதாடுவாய். உன் சுபாவம் அது. சொன்னாய்தான். பதினாலு வயதில், ஒரு தோழியின் மானத்தைக் காப்பாற்ற, கூட்டத்தின் நடுவில், யோசிக்க நேரமில்லாமல் சொன்னாய். நான் நாற்பத்தொரு வயதில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன், பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. நீ தீர்க்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை. பிராயச்சித்தமாக அந்தப் பெண்களை நடத்தாதே, சுகந்தி. உனக்குப் பிடித்திருந்தால் நடத்து. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விட்டுவிடு.

நடத்துவதானால் நோட்டில் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். பெட்டியில் மேல் தட்டிலேயே நாப்கின் இருக்கட்டும், கூடவே இரண்டு மாற்று உடுப்பு. எந்த அதிகாரி திறந்து பார்த்தாலும் பார்க்கட்டும். லாடத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் எந்தக் காரணமும் சொல்லாமல் வெளியே போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. அணித் தலைவி வந்து சல்யூட் அடித்தால் நம்பு, அந்த மரபை என்னால் விட்டுவிடாதே. ஆனால் உன் கண்ணுக்கு ஒன்று பட்டால், யார் பக்கத்தில் நின்றாலும், வாயைத் திறந்து கேள். அவளைச் சந்தேகப்படுவதாக ஆகாது. அவளால் தனியாகச் சுமக்க முடியாததை வாங்கிக்கொள்வதாகத்தான் ஆகும். ஒரு பெண் பொய் சொன்னால் தண்டிக்கும் முன், யாருக்காகச் சொன்னாள் என்று தனியாகக் கூப்பிட்டு விசாரி. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. புதிதாக விசில் மாட்டிக்கொள்கிற எந்த கேப்டனுக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. பெயரோடு காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத, அதைக் கேட்பதும் உன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதுதான் என்று படுகிறது. கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று உன்னிடம் சொல்ல ஆளில்லாமல் தவிப்பேன், தவித்துக்கொள்கிறேன்.

கடையிலிருந்து நான் இறங்கும்போது சகாயமேரி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நீ அவளையும் கூப்பிட்டிருந்தாயாம். வரவில்லை என்று சொல்லியிருந்தாளாம். “இப்ப வரலாம்னு பாக்கறேன். நீங்க சொல்லிட்டீங்கன்னா வரேன்” என்றாள். சொல்லிவிட்டேன். அவள் வருவாள்.

நான் வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். ஸ்கார்ஃப் கட்ட வர மாட்டேன், அவர்கள் உன் பெண்கள், நீ கட்டு. உன் பட்டையை எல்லார் முன்னாலும் பிரித்தேன் அல்லவா, நான் பார்த்தேன் என்பதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். மைக்கை இரண்டு நிமிடம் கொடுத்தால் போதும். வேண்டாம் என்றாலும் காரணம் எழுதாதே, வேண்டாம் என்று மட்டும் அனுப்பு. ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி ஸ்டாப்பில் நிற்பேன். நீ சொன்னால் ஏறுகிறேன்.

அம்மா